பயன்கொள்வோர் படைப்போர் ஆகுக!

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டத் தமிழன்பர்களுக்கு ஆற்றிய உரை)



ஒரு மொழியின் பழமை அதன் பெருமை; புதியன வந்துற்றபோது அவற்றைத் தன்னுள் ஏற்று நிற்கும் திறன் அதன் வாழ்வு. பெருமையைப் பேசுதற்கு மேடைகள் பல உள. வாழ்வைப் பேசுதற்கு இவ்வவை கூடியிருக்கின்றது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடப்பதை இங்குள்ளோர் யாவரும் அறிவர். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முன் உயிரோடு நின்ற மரம், கடலடி மண்ணிற் புதையுண்டு, கல்லாய் இறுகி, 18 மீட்டர் நீளத்தில் இன்றும் கிடக்கின்றது. 1940-இல் நிலநூலறிஞர் எம். எசு. கிருட்டிணன் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது மரமே. அடிமரத்தின் உருவம் உண்டு. பட்டையின் வரியும் உண்டு. ஆயினும் அதில் ஒரு தளிர் துளிர்க்காது. ஒரு பறவை கூடு கட்டாது. பழமையைக் காட்டிப் பெருமை கொள்ள அது போதும். நிழலில் ஒதுங்கப் போதாது. தமிழ் கல்மரம் ஆவதும், தளிர்க்கும் மரமாய் நிற்பதும் தமிழரின் கையில் இருக்கின்றன.

கையிலுள்ள கருவி யாருடையது?

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தின் விலையை உழவர் திறன்பேசியில் பார்க்கின்றார். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிச் செல்லும் சரக்குந்துக்கு எடைச்சீட்டைக் கணினி தருகின்றது. செயங்கொண்டத்து நெசவாளர் தாம் நெய்த புடவையின் படத்தை வாங்குவோர்க்குத் திறன்பேசி வழியே அனுப்புகின்றார். கல்லூரி மாணவர் பாடத்தையும் தேர்வு முடிவையும் அதிலேயே காண்கின்றனர். பயன்கொள்ளாதார் எவருமில்லை என்னும் அளவிற்குக் கணிக்கருவி ஊர்தோறும் புகுந்துவிட்டது.

பயன்கொள்வோர் இத்துணைப் பேர் இருக்க, அக்கருவியினுள் தமிழைச் செய்து வைத்தவர் எத்துணைப் பேர்? எழுத்தை வரைந்தவர் யார்? விசைப்பலகையை அமைத்தவர் யார்? "சேமி", "அச்சிடு", "தேடு" என்னும் சொற்களை ஆங்காங்கே பொருத்தியவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் ஒரு சிறு கூட்டத்தையே காண்பர். அவருட் பலர் கூலி பெறாது, தம் ஓய்வுப் பொழுதை ஈந்து உழைத்தவர். கோடிக்கணக்கானோர் நுகர, ஒரு சிலரே ஆக்கும் நிலை நீடிக்குமாயின், அவ்வொரு சிலர் களைத்துப்போகும் நாளில் தமிழும் அக்கருவியினின்று நீங்கும்.

இந்நிலையில் பெரும்பாலார் செய்வது யாது? குறை கூறுவது. "எழுத்து உடைகின்றது", "சொல் தவறாயிருக்கின்றது", "தமிழில் இல்லை" என்று கூறி அமைகின்றனர். குறை காண்பது தவறன்று. அதுவே ஆக்கத்தின் முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடுவதுதான் கேடு. வாடகைக்குக் குடியிருப்பவர் கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் முறையிடுவர். வீட்டுக்கு உரியவர் ஏணியை எடுப்பர். தமிழர் தம் மொழியில் குடிக்கூலிக்கு இருப்பவரா, உரியவரா என்பதே வினா.

ஏலாக்குறிச்சி காட்டிய வழி

இதற்கு விடையை இம்மண்ணே ஒருகால் காட்டியிருக்கின்றது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணி செய்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியிற் பிறந்து, சமயப் பணிக்காகத் தமிழகம் வந்து, தமிழைக் கற்றுத் தமிழ்ப் புலவராகவே ஆனவர்.

அவர் காலத்தில் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைப் புள்ளியே காட்டிற்று. புள்ளி பெற்றது குறில், பெறாதது நெடில். ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். படிப்பவர் அவ்விடத்தில் எகரமா ஏகாரமா என்று இடம் நோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. பிறப்பிலேயே தமிழறிந்தார்க்கு அஃது ஒருவாறு இயலும். புதிதாய்க் கற்பார்க்கு ஒவ்வொரு வரியும் இடறும்.

முனிவர் அவ்விடர்ப்பாட்டைத் தாமே உணர்ந்தவர். அவர் தமிழெழுத்தைப் பழித்து ஒதுங்கவில்லை. பிறர் திருத்துவர் என்று காத்திருக்கவும் இல்லை. நெடிலுக்குத் தனிக்கோடும் சுழியும் அமைத்தார். ஒற்றைக்கொம்பினின்று வேறுபட இரட்டைச்சுழிக் கொம்பை அமைத்தார். இன்று "எ", "ஏ" என்றும், "கெ", "கே" என்றும் குழந்தைகள் ஐயமின்றி எழுதுவது அத்திருத்தத்தின் பயன். 1732-இல் அவர் தொகுத்த சதுரகராதியும் அத்தகையதே. நெட்டுருச் செய்யவேண்டிய நிகண்டுச் செய்யுளுக்கு மாற்றாக, எவரும் தேடிக் காணத்தக்க அகரநிரலில் அது சொற்களை அடுக்கிற்று.

இங்கு நோக்கவேண்டியது ஒன்று. தமிழைத் திருத்த அவர் எவரிடமும் உரிமம் வாங்கவில்லை. தமிழ் எவருக்கும் பூட்டிய பேழையன்று. கற்கலாம்; எழுதலாம்; திருத்தி முன்வைக்கலாம்; நல்லதாயின் நாடு ஏற்கும். ஓர் அயலார் பயன்கொள்வோராய் வந்து படைப்போராய் உயர்ந்தமை தமிழின் அத்திறந்த தன்மையாலேயே. அதே தன்மையுடைய மென்பொருள் இன்று உலகில் உண்டு. அதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர்.

ஏரியும் மென்பொருளும்

கணினி செய்யும் ஒவ்வொரு செயலும் மாந்தர் எழுதிய நிரலின்படி நடக்கின்றது. மாந்தர் படித்தறியும்படி எழுதப்பெற்ற அந்நிரலே மூலநிரல். அதனை மறைத்துவிட்டு, இயங்கும் பொருளை மட்டும் விற்பது மூடிய மென்பொருள். அதனை வாங்கியவர் பயன்படுத்தலாம். உள்ளே நடப்பதை அறியவோ, பழுதைத் திருத்தவோ, பக்கத்து வீட்டார்க்குப் படியெடுத்துத் தரவோ இயலாது.

கட்டற்ற மென்பொருளோ நான்கு உரிமைகளைத் தருகின்றது. எந்நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை, மூலநிரலைக் கற்றுத் தம் தேவைக்கேற்ப மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்குத் தரும் உரிமை, தாம் திருத்தியதைப் பலர்க்கும் வழங்கும் உரிமை என்பன அவை. விலையில்லாமல் கிடைப்பது இதன் சிறப்பென்று பலர் எண்ணுவர். அது பக்கப் பயனே, உரிமையே உயிர்.

இக்கொள்கை பிறந்த வரலாறும் ஒரு பயனரின் மனக்குறையில் தொடங்கியதே. அமெரிக்காவில் மாசாச்சூசெட்சு தொழினுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய இரிச்சர்டு இசுட்டால்மன் என்பார், அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்குவதைக் கண்டார். சிக்கியதும் பயன்படுத்துவோர்க்குச் செய்தி அனுப்பும்படி அதன் நிரலைத் திருத்த எண்ணினார். மூலநிரல் அவர்க்கு மறுக்கப்பட்டது. பழுதைத் திருத்தும் அறிவிருந்தும் உரிமையில்லாத இந்நிலை அவர் உள்ளத்தை உறுத்திற்று. 1983-இல் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அவர் அறிவித்தார். 1989-இல் பொதுமை உரிமம் ஒன்றை வகுத்தார். கட்டற்ற மென்பொருளைத் திருத்தி வழங்குவோர், தாம் பெற்ற உரிமைகளை அடுத்தவர்க்கும் அப்படியே வழங்கவேண்டும் என்பது அதன் உட்கிடை. 1991-இல் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய இலினசு தோர்வால்சு, தாம் பொழுதுபோக்காகத் தொடங்கிய இலினக்சு என்னும் கருநிரலை இணையத்தில் வெளியிட்டு, பலரையும் கருத்துரைக்க அழைத்தார். அன்று அவர்க்கு அகவை 21. இன்று ஆண்டிராய்டு திறன்பேசிகள் யாவும் அக்கருநிரலின் மேலேயே இயங்குகின்றன. வெங்காய விலையைப் பார்க்கும் உழவர் கையிலும் அஃது இருக்கின்றது.

இம்முறையை இம்மாவட்டத்தார்க்கு விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டுத் தேவையில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தருகே இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் உள்ளது. இன்று பொன்னேரி என வழங்குவது. ஏரி ஊருக்குப் பொது. அதில் நீர் கொள்வதற்கு எல்லார்க்கும் உரிமை உண்டு. ஆயின் ஏரி தானே தூர் வாரிக்கொள்ளாது. கரை தானே உயராது. நீர் கொள்வோரே ஆளுக்கொரு கூடை மண் எடுத்தால்தான் அடுத்த ஆண்டும் நீர் நிற்கும். பேணுவாரற்ற காலத்தில் அப்பேரேரி நெடுநாள் தூர்ந்து கிடந்ததும் வரலாறே. கட்டற்ற மென்பொருளும் ஓர் ஏரி. நுகர்வோர் மிகுந்து தூர் வாருவோர் குறைந்தால் அதுவும் வற்றும்.

மூன்றும் ஐந்தும்

"அயல்நாட்டார் செய்து தருகின்றனரே, தமிழர் எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று வினவுவோர் உளர். விடை மிக எளிது. தமிழின் நோய் தமிழறிந்தார்க்கே தெரியும்.

"தமிழ்" என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று தொடக்கப்பள்ளிச் சிறுமியைக் கேட்டால், த, மி, ழ் என மூன்று என்பாள். கணினியைக் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து தனிக்குறிகளாக அச்சொல் ஒருங்குறியிற் பதிந்திருப்பதே அதற்குக் கரணியம். சொல்லை இடையில் வெட்டினால் புள்ளி ஒருபுறமும் மெய் ஒருபுறமும் சிதறும். ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலர் இதனைப் பிழையென்றே உணரார்.

அகரநிரலிலும் அதே சிக்கல். 1991-இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றபோது, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டுக் குறியீட்டு முறையைத் தழுவியே எழுத்துகள் அடுக்கப்பெற்றன. அம்முறை தேவநாகரியை ஒட்டி அமைந்தது. அதனால் அங்கு னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் நிற்கின்றன. வல்லெழுத்து சகரத்திற்கும் மெல்லெழுத்து ஞகரத்திற்கும் இடையே வடவெழுத்தொன்று புகுந்திருக்கின்றது. அந்த எண்வரிசையை நம்பி ஒரு பெயர்ப்பட்டியலையோ அகரமுதலியையோ அடுக்கினால், தமிழ் நெடுங்கணக்குக் குலையும்.

இதைக் கேட்டதும் சினம் வரும், வரவேண்டும். ஆயின் சினம் மட்டும் என்ன செய்யும்? ஒருங்குறியில் ஒருமுறை தந்த இடத்தை மீண்டும் மாற்றுவதில்லை என்பது அதன் உறுதியான நெறி. கண்டனத் தீர்மானம் நூறு நிறைவேற்றினாலும் னகரம் நகராது. ஆனால், எண்வரிசை எதுவாயினும், நெடுங்கணக்கின் முறைப்படி அடுக்கித்தரும் நிரலை எழுதலாம், எழுதியும் இருக்கின்றனர். அமெரிக்காவில் வாழும் பொறியாளர் முத்து அண்ணாமலையும் அவர்தம் தோழரும் ஆக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரற்றொகுதி, "தமிழ்" என்பதை மூன்றெழுத்தாகவே எண்ணித் தருகின்றது. தமிழ் முறைப்படி சொற்களை அடுக்கியும் தருகின்றது. அதனை எவரும் எடுத்துத் தம் செயலியிற் பயன்படுத்தலாம். தீர்மானத்தால் ஆகாதது ஒரு சில வரி நிரலால் ஆயிற்று.

பயனராயிருந்து படைப்பாளரானோர்

இவ்வாறு நுகர்வோராயிருந்து ஆக்குவோராய் உயர்ந்தவர் தமிழரிடையே முன்பே உளர்.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் கட்டடக் கலைஞர். கணிநிரல் எழுதுவது அவர் தொழிலன்று. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வெறும் கூடாய்க் கிடந்தபோது, அதன் இடைமுகச் சொற்களைத் தமிழாக்கி, கட்டுரைகளை ஒவ்வொன்றாய் எழுதத் தொடங்கினார். பின்னர்ப் பலர் சேர்ந்தனர். 2017-இல் அக்கலைக்களஞ்சியம் நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது. படிக்க வந்தவர்கள் எழுதியதால் வளர்ந்த களஞ்சியம் அது.

ஆத்திரேலியாவில் வாழும் முகுந்தராசு, கணினியில் தமிழ் தட்டச்சிட வழியின்றித் தவித்தோர்க்காக எ-கலப்பை என்னும் கருவியை அமைத்தார். உழவன் பெயரை நினைவூட்டும் அக்கருவி, பின்னாளில் கட்டற்ற மென்பொருளாகவே மூலநிரலோடு வெளிவந்தது. எத்துணையோ எழுத்தாளர் அக்கலப்பையாலேயே தம் முதல் வரியைக் கணினியில் உழுதனர்.

2012 சனவரியில் த. சீனிவாசனும் தோழர்களும் கணியம் என்னும் மின்னிதழைத் தொடங்கினர். கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைத் தமிழிலேயே எழுதுவது அதன் நோக்கம். அதில் எழுதிய து. நித்யா, இலினக்சு இயங்குதளம் பற்றியும் தரவுத்தளம் பற்றியும் எளிய தமிழில் நூல்களை ஆக்கினார். ஆங்கிலம் தடையாய் நின்ற மாணவர்க்கு அவை ஏணியாயின. அவற்றை எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம்.

இவர்களுள் எவரும் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. தமக்கு உற்ற குறையை ஊருக்கு உற்ற குறையாக எண்ணினர், அவ்வளவே.

ஏறும் படிகள்

படைப்போர் ஆவதென்றால் உடனே நிரல் எழுதவேண்டும் என்று அஞ்சவேண்டா. ஏணிக்குப் படிகள் பல.

முதற்படி, குறையை முறையாய்ப் பதிவது. "வேலை செய்யவில்லை" என்பது முறையீடு, குறைப்பதிவு அன்று. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, யாது செய்தபோது நிகழ்ந்தது, யாது நிகழ்ந்திருக்கவேண்டும் என்னும் நான்கையும் எழுதி, திரையின் படத்தையும் இணைத்து, அம்மென்பொருளின் குறைப்பதிவேட்டில் இடவேண்டும். நோயை ஒழுங்காய்ச் சொன்ன நோயாளி மருத்துவத்தில் பாதியை முடித்துவிடுகின்றார்.

இரண்டாம்படி, மொழிபெயர்ப்பு. பயர்பாக்சு உலாவி, இலிப்ரே ஆபீசு அலுவல் தொகுதி முதலியன தன்னார்வலராற் தமிழாக்கப்பெறுவன. ஆங்கிலத் தொடர் ஒருபுறமும் தமிழ்த் தொடருக்கான இடம் மறுபுறமும் இருக்கும். நிரலறிவு தேவையில்லை, மொழியறிவே தேவை. ஆங்கிலத்தில் ஒரே சொல் "திற" என்னும் ஏவலுக்கும் "திறந்த" என்னும் பெயரெச்சத்திற்கும் நிற்கும். எது எங்கு வரும் என்பதை அறிந்து பெயர்க்காவிடின், பொத்தானில் எச்சம் தொங்கும். இத்தகைய தொங்கல்களைக் கண்டு நகைப்போர் பலர், களைவோர் சிலர்.

மூன்றாம்படி, தரவுக்கொடை. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் பல பக்கப்படங்களாக ஏற்றப்பெற்றுள்ளன. பாவாணர் முதலிய அறிஞர்தம் நூல்களையும் அங்குக் காணலாம். எழுத்துணரி படித்த பாடத்தை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கும் பணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கு இயல்பாய் வருவது. மொசில்லா நிறுவனத்தின் பொதுக்குரல் திட்டத்திலோ திரையிற் தோன்றும் தொடரைப் படித்துக் குரலைக் கொடையளிக்கலாம். பேச்சைக் கேட்டு எழுதும் பொறி, தான் கேட்ட குரல்களையே கற்கும். பெரம்பலூர் உழவரின் குரலும் அரியலூர்ப் பாட்டியின் குரலும் அதில் இல்லையாயின், அவர்கள் பேச்சு அதற்கு விளங்காது. விளங்காத பொறியைப் பழிப்பதைவிடக் குரல் ஈவது மேல்.

நான்காம்படி, நிரல். மென்பொருளின் மூலநிரலைத் தம் கணினிக்குப் படியெடுத்து, ஒரு சிறு பிழையைத் திருத்தி, இயக்கிப் பார்த்து, திருத்தத்தை அதனைப் பேணுவோர்க்கு அனுப்பவேண்டும். அவர் ஆராய்வர், வினவுவர், சிலபோது திருப்புவர், செம்மையாயின் ஏற்பர். ஏற்ற திருத்தம் எழுதியவர் பெயரோடு நிலையாய்ப் பதிவாகும். சிற்றூர் மாணவர் என்றோ பெருநகர்ப் பொறியாளர் என்றோ அப்பதிவேடு பார்ப்பதில்லை.

இந்நான்கனுள் தமிழ்ப் புலவர்க்கு உரிய இடம் தனியாகச் சொல்லத்தக்கது. ஆங்கிலப் பிழைதிருத்திக்குச் சொற்பட்டியல் பெரிதும் போதும். தமிழிலோ ஒரு வினையடி விகுதியும் இடைநிலையும் வேற்றுமையும் பெற்று எண்ணற்ற உருவங்களாய் விரியும். வல்லொற்று எங்கு மிகும், எங்கு மிகாது என்பதைப் பட்டியலால் அடக்கவியலாது, நெறியால் அடக்கவேண்டும். அந்நெறியை நிரலர் அறியார். நிரலைப் புலவர் அறியார். இருவரும் ஒரு பலகையில் அமர்ந்தாலன்றி நல்ல தமிழ்ப் பிழைதிருத்தி பிறவாது.

தன்பால் உள்ள தவறு

தனித்தமிழ் இயக்கம் 1916-இல் மறைமலையடிகளால் தொடங்கப்பெற்று நூறாண்டு கடந்துவிட்டது. பாவாணர் தலைமையில் 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அமைந்தது. வேர் கண்டனர், சொல் கண்டனர். அவ்வுழைப்பின் பயன் இன்று "கணினி", "மென்பொருள்", "இணையம்" எனச் செய்தித்தாள் வரை வழங்குகின்றது.

எனினும் ஒரு குறையை மறைத்தல் நயன்மையன்று. சொல்லாக்கத்தில் காட்டிய ஊக்கத்தை இயக்கத்தார் பொருளாக்கத்தில் காட்டவில்லை. "கணினி" என்பதா, "கணிப்பொறி" என்பதா, ஈழத்தார் வழங்கும் "கணனி" என்பதா என்று பக்கம் பக்கமாய் வழக்காடிய காலத்தில், அக்கணினியின் திரையில் தமிழ்ச்சொல்லை ஏற்றும் பணி ஆளின்றிக் கிடந்தது. அகரமுதலியில் உறங்கும் நற்சொல் ஆய்வாளர் ஒருவர்க்குப் பயன்படும். திரையின் பொத்தானில் ஏறிய நற்சொல் நாள்தோறும் எண்ணற்றோர் விரல்படும். "சேமி" என்னும் சொல்லை மக்கள் மேடைப்பேச்சால் கற்கவில்லை, பொத்தானால் கற்றனர்.

மறுபக்கத்துத் தவறும் உண்டு. முன்பே படைப்போராய் இருப்பவர் சிலர், புதிதாய் வருவோரின் எளிய வினாவை எள்ளுவர். அல்லது விடையே தாரார். முதல் நாள் வந்தவர் மறுநாள் வாராமைக்கு இதுவே பெருங்கரணியம். எளிய பணிகளை இவை புதியோர்க்கு எனக் குறித்து வைத்தல், அனுப்பிய திருத்தத்திற்குக் காலந்தாழ்த்தாது மறுமொழி தருதல், ஏற்காவிடின் ஏன் என்று விளக்குதல், ஏற்றால் பெயர் சுட்டிப் பாராட்டுதல் ஆகியன மூத்தோர் கடன். திருத்தம் திரும்பி வந்தால் அதனை இழிவெனக் கருதாமை இளையோர் கடன். தேர் இழுக்க ஊர் கூடவேண்டுமாயின் வடத்தில் இடம் விடவேண்டும்.

அண்டை நாட்டாரும் அண்டை மாவட்டத்தாரும்

கேரள அரசு தன் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே கற்பிக்கின்றது. 2018-இல் அங்கு உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் கணிநுட்பக் கழகங்கள் அமைந்தன. அவற்றுள் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர் பயிற்சி பெறுகின்றனர். கட்டற்ற மலையாளக் கணிமைக்கெனக் கூடிய தன்னார்வலர் குழு, மலையாளத்திற்கு எழுத்துருக்களை ஆக்கியதோடு அமையாது, மீரா இனிமை என்னும் அழகிய தமிழ் எழுத்துருவையும் ஆக்கிக் கட்டற்ற உரிமத்தில் வழங்கிற்று. அஃது அவர்தம் பெருந்தன்மை. தமிழர் அதனை நன்றியோடு ஏற்பது நன்று. நாணத்தோடும் ஏற்பது இன்னும் நன்று.

தமிழ்நாட்டில் அம்முயற்சி இல்லாமலில்லை. காஞ்சியில் இலினக்சுப் பயனர் குழு இயங்கிவருகின்றது. விழுப்புரத்தில் அமைந்த குழு, சிற்றூர் மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளை நேரிற் கற்பித்துப் படைப்போராய் உயர்த்த முயல்கின்றது. விழுப்புரத்தார்க்கு இயன்றது பெரம்பலூரார்க்கும் அரியலூரார்க்கும் இயலாதோ?

கருவி இல்லையென்று சொல்லவும் இடமில்லை. 2011-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் இவ்விரு மாவட்டத்து மாணவர்க்கும் மடிக்கணினிகள் வந்தன. அவற்றுள் பலவற்றில் பாசு என்னும் கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. அதனைத் திறந்து பார்த்தவர் எத்துணைப் பேர்? திரைப்படம் பார்க்க மட்டும் பயன்பட்ட மடிக்கணினி, உழக் கொடுத்த எருதை ஊர்வலத்திற்கு மட்டும் ஓட்டியது போன்றதே.

"ஊதியமில்லாப் பணி வயிற்றை நிரப்புமா?" என்று பெற்றோர் வினவுவது நேர்மையான வினாவே. இப்பணி பயிற்சிக்குப் பயிற்சி. கல்லூரித் தேர்வில் எழுதிய நிரலை ஆசிரியர் ஒருவரே படிப்பர். கட்டற்ற மென்பொருளில் எழுதியதை உலகமே படிக்கும். வேலை தருவோர் அப்பதிவைப் பார்த்துத் திறனை அளக்கின்றனர். பரிந்துரைக்க ஆளில்லாத சிற்றூர் மாணவர்க்குத் தாம் செய்த பணியே பரிந்துரை.

இனிச் செய்யவேண்டுவது

பெரம்பலூரில் ஓரிடமும் அரியலூரில் ஓரிடமும் தெரிவு செய்யப்பெறுக. நூலகமோ பள்ளியோ கல்லூரியோ வீட்டுத் திண்ணையோ எதுவாயினும் ஆகும். கிழமைக்கு ஒரு மாலை, ஒரு தமிழாசிரியரும் ஒரு கணிப்பொறி மாணவரும் ஒரு கணினியின்முன் அருகருகே அமர்க. முதல் மாலை ஒரு குறையைப் பதிக. அடுத்த மாலை பத்துத் தொடர்களைப் பெயர்க்க. மூன்றாம் மாலை வேறொருவரை அழைத்து வருக. ஓராண்டு கழிந்தால் அம்மேசையினின்று ஒரு நிரலர் எழாமற் போகார்.

அரியலூரை அடுத்த கீழப்பழுவூரிற் பிறந்த சின்னச்சாமி, 1964 சனவரி 25-ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தில் தம் உடலுக்குத் தாமே தீயிட்டு உயிர் நீத்தார். அந்த இழப்பை எண்ணுந்தோறும் தமிழுள்ளம் கலங்கும். இன்னோர் உயிரை அவ்வாறு இழக்கத் தமிழ் ஒருகாலும் விரும்பாது. மொழிக்கு இன்று வேண்டுவது சாவன்று, வாழ்வோரின் பொழுது. அவர் உயிரையே தந்த மொழிக்கு, அவர் பிறந்த மண்ணின் இளைஞர் கிழமைக்கு ஒரு மாலையைத் தர இயலாதெனில், ஆண்டுதோறும் அவர் படத்திற்கு மாலையிடுவதில் பொருளில்லை.

அயலார் ஆக்கித் தரும் தமிழ், அயலார் விரும்பும் வரையே நிற்கும். தமிழர் ஆக்கிய தமிழ் தமிழர் உள்ள வரை நிற்கும். தன் கையே தனக்குதவி என்பது வீட்டிற்கு மட்டுமன்று, மொழிக்கும் ஆம். நுகர்ந்தது போதும், இனி ஆக்குக. குறை கூறிய வாய் குறையைப் பதிக. பதிந்த கை திருத்துக. திருத்தியவர் அடுத்தவர்க்குக் கற்பிக்க.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் உழைப்பு!